‘எங்களுக்குக் கற்பியும்’: வாசிக்கத் திணறிய மகனுக்காக ஒரு சேலம் குடும்பம் ஜெபித்த விதமும் எடுத்த முடிவுகளும்

பெற்றோரின் சம்மதத்தோடு இந்த நிகழ்வை எழுதுகிறேன். பையனிடமும் கேட்டோம். “என் பேர் போடாதீங்க, மத்தபடி சரி” என்றான். குடும்பத்தை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன். சபைகளில் பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களுக்கும், பிள்ளைக்காக முழங்காலில் நின்று பதில் தெரியாமல் தவிக்கும் பெற்றோருக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

பின்னணி

சேலம் ஜங்ஷன் பக்கம் வசிக்கும் குடும்பம். அப்பா ரயில்வேயில் டெக்னீஷியன், ஷிப்ட் வேலை. அம்மா வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருக்கிறார். மகள் எட்டாம் வகுப்பு, மகன் அப்போது ஐந்தாம் வகுப்பு. இருவரும் ஒரே ஆங்கில வழிப் பள்ளியில் படித்தார்கள். லண்டன் மிஷன் வழிவந்த ஒரு சபையில் மூன்று தலைமுறையாக இருப்பவர்கள். அந்தச் சபையின் ஞாயிறு பள்ளியை நான் கவனித்து வருகிறேன். ஆயர் ஐயா கேட்டுக்கொள்ளும்போது சில வீடுகளுக்கும் போய் வருவேன்.

இவர்கள் வீட்டில் குடும்ப ஜெபம் தவறுவதில்லை. ஒரு பாட்டு, வேத வாசிப்பு, ஜெபம். வாசிப்பில் ஆளுக்கு இரண்டு வசனம் என்று சுற்றி வரும். அப்பா மட்டும் வாசிக்க மாட்டார். கடைசியில் ஜெபம் செய்வார். அது வீட்டுத் தலைவரின் பங்கு என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மகனின் முறை வரும்போதுதான் பிரச்சினை. ஒரு வசனத்துக்குள் நாலு இடத்தில் நிற்பான், முதல் எழுத்தைப் பார்த்து ஊகித்து வேறு வார்த்தை சொல்வான், அக்கா சிரிப்பாள், அப்பா அதட்டுவார். நாளாக ஆக, சாயங்காலம் ஆனாலே அவனுக்கு வயிறு வலிக்க ஆரம்பித்தது. பள்ளியில் இருந்தும் புகார் வந்தது: எழுத்து மோசம், வீட்டுப்பாடம் முடிப்பதில்லை, கவனம் இல்லை.

பெற்றோர் ஜெபிக்காமல் இருக்கவில்லை. அம்மா வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருந்தார். அப்பா தினமும் இரவு, மகனைப் பக்கத்தில் முழங்காலில் வைத்துக்கொண்டு, “ஆண்டவரே, இவன் சோம்பலை மாற்றும், இவன் பொய்யை மாற்றும், இவனுக்குப் படிக்கிற புத்தியைத் தாரும்” என்று சத்தமாக ஜெபித்தார். வெளியூர் ஜெபக் கூட்டம் ஒன்றுக்கு அழைத்துப் போனபோது, பையன் மேல் ஒரு கெட்ட ஆவி இருக்கிறது என்று ஒருவர் சொல்லித் தலையில் கை வைத்து அதட்டியிருக்கிறார். அதன்பிறகு பல இரவுகள் அவன் தனியாகப் படுக்கவில்லை.

மலைப் பள்ளி

அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்கள் வந்ததும் அப்பா ஒரு முடிவுக்கு வந்தார்: ஏற்காட்டில் ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்துவிடுவது. வெள்ளைக்காரன் காலத்தில் இருந்தே உறைவிடப் பள்ளிகளுக்குப் பெயர் வாங்கிய ஊர் அது. கண்டிப்பு இருந்தால் சரியாகிவிடுவான் என்பது அவர் எண்ணம். இதற்காக ஜெபித்துவிட்டு வேதத்தைத் திறந்தபோது 121ஆம் சங்கீதம் கண்ணில் பட்டது: “எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்.” மொட்டை மாடியில் நின்றால் வடக்கே சேர்வராயன் மலை தெரியும் வீடு. அவர் இதைத் தெளிவான பதிலாக எடுத்துக்கொண்டார். அதில் பாசாங்கு எதுவும் இல்லை. மகனுக்கு நல்லது செய்ய வேண்டும் என்று துடித்த ஒரு தகப்பன் அவர்.

இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறிப் போய் ஒரு பள்ளியைப் பார்த்தார்கள். சேர்க்கைக்கு முன் ஒரு சின்னத் தேர்வு. எழுத்துத் தேர்வில் அவன் ஏறக்குறைய எதுவும் எழுதவில்லை. அங்கிருந்த ஆசிரியை அதே கேள்விகளை வாயால் கேட்டார். பெரும்பாலானவற்றுக்குச் சரியாகப் பதில் சொன்னான். “இடம் தருகிறோம். ஆனால் சேர்ப்பதற்கு முன்னால் இவனுக்கு வாசிப்பதில் என்ன தடை என்று யாரிடமாவது காட்டிப் பாருங்கள்” என்று அவர் சொன்னார். மலை இறங்கும்போது அப்பாவுக்கு இது அவமானமாக இருந்தது. அம்மா, தையல் அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த வார்த்தைகளை எழுதி வைத்தார்.

முன்பணம் கட்டக் கொஞ்ச நாள் அவகாசம் இருந்தது. அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. அப்பாவுக்கோ வசனமே கிடைத்துவிட்டது. கணவன் மனைவிக்குள் பேச்சு குறைந்தது. அந்தக் கட்டத்தில்தான் ஆயர் ஐயா என்னைப் போய்ப் பார்க்கச் சொன்னார்.

நான் கவனித்தவை

அந்தப் பையனை எனக்கு ஞாயிறு பள்ளியில் நன்றாகத் தெரியும். மனப்பாட வசனப் போட்டியில் வாயால் சொல்லிக் கொடுத்தால் எல்லோருக்கும் முன்னால் ஒப்பிப்பான். 121ஆம் சங்கீதம் எட்டு வசனமும் தலைகீழாகத் தெரியும். அதே பையனிடம் புதிய வசனம் ஒன்றைக் கொடுத்து வாசி என்றால் முகம் வெளுத்துவிடும். சோம்பேறிக்கு மனப்பாடம் மட்டும் எப்படி வரும்? இந்த முரண்பாடு எனக்கு முக்கியமாகப் பட்டது.

அவர்கள் வீட்டில் அன்று குடும்ப ஜெபத்தில் நானும் உட்கார்ந்தேன். 1 பேதுரு 5 ஓடிக்கொண்டிருந்தது. அவன் பங்குக்கு வந்தது ஏழாம் வசனம். “அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால்” என்பதில் அந்த மூன்றாவது வார்த்தையை அவனால் தாண்டவே முடியவில்லை. நமது பழைய மொழிபெயர்ப்பில் இப்படிக் கோத்துச் சேர்ந்த வார்த்தைகள் நிறைய. தமிழ் எழுத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ‘கே’ என்னும்போது முதலில் ஒலிப்பது க், பிறகுதான் ஏ. எழுத்திலோ கொம்பு முன்னால் நிற்கிறது. ‘கோ’ என்றால் குறி இரண்டு பக்கமும் வரும். எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் தடுமாறும் பிள்ளைக்கு இந்த இடங்கள் எல்லாம் படுகுழி. ஆங்கிலத்தில் அவன் b, d மாற்றி எழுதுவதாகவும் அக்கா சொன்னாள். இரண்டு மொழியிலும் ஒரே மாதிரித் தடுமாற்றம் என்றால் காரணம் ஒரு ஆசிரியரிடமோ ஒரு பாடத்திலோ இருக்க வாய்ப்பு குறைவு.

இன்னொன்றையும் கவனித்தேன். அப்பா ஜெபிக்கத் தொடங்கியதும் பையனின் தோள் உள்ளே சுருங்கியது.

முதல் முடிவு: காத்திருப்பது

“அக்கா, ஆண்டவர் வசனம் கொடுத்துட்டாரு. இனி யோசிக்க என்ன இருக்கு?” என்று அப்பா என்னிடம் கேட்டார். அந்த வசனத்தை நான் மறுக்கவில்லை. இரண்டாம் வசனத்தையும் சேர்த்துப் படிக்கச் சொன்னேன். ஒத்தாசை வருவது மலையிலிருந்து என்று சங்கீதக்காரன் சொல்லவில்லை, வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து என்கிறான். அதன்பின் யாக்கோபு 3:17ஐப் பார்த்தோம். பரத்திலிருந்து வருகிற ஞானம் சுத்தமுள்ளது, சமாதானமும் சாந்தமும் இணக்கமும் உள்ளது, இரக்கத்தால் நிறைந்தது, பட்சபாதமில்லாதது என்று அங்கே வரிசையாகச் சொல்லியிருக்கிறது. “தம்பி, இந்த முடிவை எடுத்தபோது உங்க மனசுல இதுல எது இருந்துச்சு?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கோபந்தாங்க அக்கா இருந்துச்சு” என்றார்.

திறந்த பக்கத்தில் கண்ணில் படும் வசனத்தை ஆண்டவர் பயன்படுத்த மாட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பிள்ளையின் வாழ்க்கையைப் பற்றிய முடிவை அதை மட்டும் வைத்து எடுக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நாம் ஏற்கெனவே விரும்பியதையே வசனத்தில் வாசித்துவிடுவது மிக எளிது. ஹாஸ்டல் முடிவை ஒரு மாதம் தள்ளிவைக்க இருவரும் ஒத்துக்கொண்டார்கள். முன்பணம் கட்டவில்லை.

இரண்டாவது முடிவு: ஜெபத்தை மாற்றுவது

நியாயாதிபதிகள் 13ஆம் அதிகாரத்தில் மனோவா என்ற தகப்பனின் ஜெபம் இருக்கிறது. பிள்ளை பிறக்கும் முன்பே, “பிறக்கப்போகிற பிள்ளைக்காக நாங்கள் செய்யவேண்டியதை எங்களுக்குக் கற்பிப்பாராக” என்று வேண்டிக்கொள்கிறான். பிள்ளையை இப்படி ஆக்கும், அப்படி ஆக்கும் என்று அவன் கேட்கவில்லை. கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் நாங்கள் என்று பெற்றோர் சொல்லும் ஜெபம் அது. ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கக்கடவன் என்று யாக்கோபு 1:5 சொல்வதும் இதைத்தான். குறைவு யாரிடம் இருக்கிறதோ அவர்தான் கேட்கிறார். தேவன் யாரையும் கடிந்துகொள்ளாமல் கொடுக்கிறவர் என்றும் அதே வசனத்தில் இருக்கிறது. கடிந்துகொள்ளாத தேவனிடம், பிள்ளையைக் கடிந்துகொள்வதற்காகவே நாம் ஜெபத்தில் நிற்பது பொருந்தவில்லை.

எனவே இரண்டு மாற்றங்கள். பையனின் குறைகளை அவன் காதுபட ஜெபத்தில் சொல்லக் கூடாது. அவனை வைத்து ஜெபித்தால் நன்றி மட்டும். அவன் தூங்கிய பிறகு இருவரும் சேர்ந்து, மனோவாவின் ஜெபத்தை அப்படியே எடுத்து ஜெபிக்க வேண்டும். ஜெபித்த பிறகு அன்று மகனிடம் கவனித்த ஒரு விஷயத்தை அம்மா தன் நோட்டில் எழுத வேண்டும்.

முதலாவது மாற்றத்தை நான் ஏன் வலியுறுத்தினேன் என்றால், சில வாரங்களுக்கு முன் அவன் ஞாயிறு பள்ளியில் என்னிடம் சொன்ன ஒரு வார்த்தைதான் காரணம். “டீச்சர், ஆண்டவருக்கு என்னைப் புடிக்காது. அப்பா தினமும் என்னைப் பத்தி அவர்ட்ட கம்ப்ளெயிண்ட் பண்றாரு.” இதை அவர்களிடம் சொன்னபோது அம்மா அழுதார். அப்பா எழுந்து மாடிக்குப் போய்விட்டார்.

நோட்டில் சேர்ந்தவை

பெரிய அற்புதம் எதுவும் நடக்கவில்லை. நோட்டில் சின்னச் சின்ன வரிகள் சேர்ந்தன. சொல்லிக் கொடுத்தால் கணக்குப் போடுகிறான். கணக்கை வாக்கியமாக எழுதிக் கொடுத்தால் விழிக்கிறான். பலகையில் இருந்து எழுதி முடிப்பதற்குள் அழித்துவிடுகிறார்கள் என்கிறான். அப்பாவின் கருவிப் பெட்டியைக் கலைத்துப் போட்டால் ஒவ்வொரு ஸ்பேனரையும் அதன் இடத்தில் வைத்துவிடுகிறான். வயிற்றுவலி ஞாயிறு மத்தியானங்களில் வருவதில்லை.

“காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்” என்பது நீதிமொழிகள் 18:13. இதை மனதில் வைத்து, ஒரு சனிக்கிழமை அப்பா மகனை மட்டும் பைக்கில் அழைத்துக்கொண்டு அடிவாரம் வரை போனார். வழியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, வாசிக்கும்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். அறிவுரை சொல்வதில்லை என்று முன்கூட்டியே தீர்மானம். பையன் சொன்னது: “எழுத்து எல்லாம் தெரியும்ப்பா. சேர்த்துப் படிச்சா மறந்துடுது. நீங்க பார்த்துக்கிட்டு இருந்தா இன்னும் மறந்துடுது.”

அதைக் கேட்டபின் அப்பா எங்களிடம் பேசியதுதான் இந்த நிகழ்வின் திருப்பம். தனக்கும் அப்படித்தான் இருந்தது என்றார். பள்ளியில் அதற்காக அடி வாங்கியிருக்கிறார். ஐ.டி.ஐ.யில் கை வேலை கைகொடுத்தது. குடும்ப ஜெபத்தில் வாசிக்காததன் காரணமும் அதுவே. இத்தனை வருடம் மனைவிக்கே அது தெரியாது. தன்னைப் போல மகன் ஆகிவிடக் கூடாது என்ற பயம்தான் கோபமாக வந்தது என்று அவரே சொன்னார்.

நியாயாதிபதிகளில் இன்னொரு விஷயத்தையும் அவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். ஜெபித்தது மனோவா, ஆனால் தூதன் திரும்ப வந்தது வயல்வெளியில் இருந்த மனைவியிடம். “எனக்கு வரவேண்டிய பதில் இவ நோட்டுல ரொம்ப நாளா இருந்துருக்கு” என்றார். மலைப் பள்ளி ஆசிரியையின் வார்த்தைகளை அப்போது திரும்ப எடுத்துப் படித்தார்கள்.

மூன்றாவது முடிவு: பரிசோதனை

முதலில் கண், பிறகு காது. இரண்டிலும் குறை இல்லை. இந்த வரிசை முக்கியம்; பார்வையிலோ கேட்பதிலோ கோளாறு இருந்தால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும். பிறகு சேலத்திலேயே ஒரு மருத்துவ உளவியலாளரிடம் போனார்கள். நுண்ணறிவுச் சோதனை ஒருபுறம், வாசிப்பு, எழுத்து, கணக்குச் சோதனைகள் இன்னொருபுறம். சில அமர்வுகள் ஆயின. நுண்ணறிவு சராசரிக்கு மேல். வாசிப்பு இரண்டாம் வகுப்பு நிலை. டிஸ்லெக்சியா என்று பரவலாகச் சொல்லப்படும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்று அறிக்கை வந்தது. இது அறிவுக் குறைவோ, சோம்பலோ, வளர்ப்புக் கோளாறோ கிடையாது. குடும்பங்களில் வழிவழியாக வரக்கூடியது. இதைக் குணமாக்கும் மருந்து இல்லை. ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக இணைத்து, பார்த்தும் கேட்டும் விரலால் தடவியும் கற்றுக்கொடுக்கும் முறைதான் வழி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் இதுவும் ஒன்று.

இந்தக் கட்டத்தில் உறவில் ஒரு பெரியவர், உளவியலாளரிடம் போவது விசுவாசக் குறைவு என்று வருத்தப்பட்டார். அவரிடம் ஆயர் ஐயா யாத்திராகமம் 18ஐ எடுத்துப் பேசினார். தேவனோடு பேசிப் பழகிய மோசேக்கு, வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஞானம் மாமனார் எத்திரோ வழியாக வந்தது. மோசே அதைத் தள்ளிவிடவில்லை.

அம்மாவின் கேள்வி இதைவிடக் கடினமானது. “இவ்வளவு உபவாசம் இருந்தேனே அக்கா, அவர் ஏன் குணமாக்கலை?” இதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் யாத்திராகமம் 4ஐ அவரோடு உட்கார்ந்து படித்தேன். தான் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன் என்று மோசே சொல்கிறான். அவன் நாவைச் சரிசெய்துவிட்டதாக அங்கே எழுதியிருக்கவில்லை. மனுஷனுக்கு வாயை உண்டாக்கினவர் நானே என்கிறார் கர்த்தர். பிறகும் மோசே தயங்கியபோது, பேசுவதற்கு ஆரோனைத் துணையாகக் கொடுக்கிறார். திக்குவாயோடேயே மோசே பார்வோன் முன்னால் நிற்கிறான். பொதுத் தேர்வில் பிள்ளை சொல்லச் சொல்ல எழுத ஒருவரை அனுமதிக்கிறார்கள் என்று தெரிந்தபோது, “அது ஆரோன்தானே அக்கா” என்று அவரே சொன்னார்.

தொடர்ந்து நடந்தவை

ஹாஸ்டல் திட்டம் கைவிடப்பட்டது. சிறப்புக் கல்வி ஆசிரியர் ஒருவரிடம் வாரம் இரண்டு நாள் வகுப்பு. அப்பா தடித்த கம்பியை வளைத்துத் தமிழ் எழுத்துகளைச் செய்தார். மகன் கண்ணை மூடிக்கொண்டு தடவி ஒலியைச் சொல்வான். இருவருக்கும் பிடித்த வேலையாக அது ஆனது.

குடும்ப ஜெபத்தில் வாசிப்பு முறையும் மாறியது. மறுநாளைக்கு உரிய வசனத்தை முந்தின நாளே கொடுத்துவிடுவார்கள். செல்போனில் ஒலி வேதாகமத்தைக் கேட்டுக்கொண்டே விரல் வைத்துப் பின்தொடர்வான். விருப்பமில்லாத நாளில் “இன்னிக்கு வேண்டாம்” என்று சொல்லலாம். கொஞ்ச நாளில் அப்பாவும் ஒரு வசனம் வாசிக்கத் தொடங்கினார், மெதுவாக, விரல் வைத்து. இதை யாரும் அவரிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

பள்ளியில் எல்லாம் சுலபமாக நடக்கவில்லை. வகுப்பு ஆசிரியை புரிந்துகொண்டு வாய்மொழியாகக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். நிர்வாகம் மற்றப் பெற்றோர் கேள்வி கேட்பார்கள் என்று தயங்கியது. அறிக்கையையும் சட்டத்தின் பிரதியையும் எடுத்துக்கொண்டு பெற்றோர் பலமுறை போக வேண்டியிருந்தது. அரசு மருத்துவமனைச் சான்றிதழுக்கும் அலைச்சல். இந்த அலைச்சலுக்காகவும் அவர்கள் ஜெபித்தார்கள். பொறுமையாகப் பேசும் வார்த்தைகளைத் தாரும் என்பதுதான் பெரும்பாலும் விண்ணப்பம்.

இப்போது அவன் ஏழாம் வகுப்பு. வாசிப்பு இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் மதிப்பெண் குறைவு. வயிற்றுவலி நின்றுவிட்டது. அறிவியலில் வாய்மொழித் தேர்வு வைத்தால் நன்றாகச் செய்கிறான். அக்கா சிரிப்பதை நிறுத்திவிட்டாள். சில நாட்களில் அவனுக்குப் பாடத்தை வாசித்துக் காட்டுகிறாள். பத்தாம் வகுப்பில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப் பாடத்தில் இருந்து விலக்கு ஆகிய சலுகைகளுக்குப் பள்ளி வழியாக நேரத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான தாள்களை அம்மா இப்போதே ஒரு ஃபைலில் சேர்த்து வருகிறார்.

இனி எப்படிச் செய்வோம்

எங்கள் ஞாயிறு பள்ளியில், தயாரிப்பு இல்லாமல் ஒரு பிள்ளையை எழுப்பி வாசிக்கச் சொல்வதை நிறுத்திவிட்டோம். கைதூக்குகிறவர்கள் வாசிக்கலாம். மனப்பாட வசனத்தை எல்லா வகுப்பிலும் வாயால் சொல்லிக் கொடுக்கிறோம். மனப்பாடத்தில் முன்னும் வாசிப்பில் பின்னும் நிற்கும் பிள்ளையைக் கண்டால், பெற்றோரிடம் தனியாக, அவன் இல்லாத நேரத்தில் பேசுகிறோம்.

வீடுகளுக்குப் போய் ஜெபிக்கிறவர்களிடம் ஆயர் ஐயா மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லியிருக்கிறார்: கண்ணும் காதும் பார்த்தாயிற்றா, பிள்ளையிடமே கேட்டாயிற்றா, இந்த முடிவில் கணவன் மனைவி இருவரும் ஒருமனமா? பிள்ளைக்கு ஆவி பிடித்திருக்கிறது என்று அதன் காதுபட யாரும் சொல்லக் கூடாது என்பதையும் உறுதியாகச் சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையின் பயம் இந்தப் பையனிடமிருந்து விலகத்தான் அதிக காலம் பிடித்தது.

இரண்டாம் வகுப்பிலேயே அறிகுறிகள் இருந்தன என்று பெற்றோர் இப்போது சொல்கிறார்கள். அப்போதே கவனிக்க, சின்ன வகுப்பு ஆசிரியர்களுக்குத்தான் முதலில் தெரிந்திருக்க வேண்டும். வரும் மே மாத வி.பி.எஸ்.ஸுக்கு (விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு) முந்திய ஆசிரியர் பயிற்சியில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். சிறப்புக் கல்வி ஆசிரியர் வருகிறார். அந்த அம்மாவும் தன் நோட்டோடு வந்து பேசச் சம்மதித்திருக்கிறார்.